கண்மாய்க்குள்ளே ஒரு வெயில் பண்ணை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எதுவும் எழுதி. வேலை, பையனின் பத்தாம் வகுப்பு, அதோடு வழக்கமான சோம்பேறித்தனம். இப்போது எழுத வைத்தது ஒரு மழையும் ஒரு போன் காலும். கொஞ்சம் நீளமாகப் போகும். காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் மழை. 2025 செப்டம்பர் 22 ராத்திரி ஆரம்பித்து விடிவதற்குள் கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. துர்கா பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஊர் முழுக்கப் பந்தல் வேலை பாதியில் நின்றது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஊரில் பல பேர் செத்துப் போனார்கள். பெஹாலாவில் டைமண்ட் ஹார்பர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற எங்கள் சந்தில் தொடை வரைக்கும் தண்ணீர். பந்தல் மூங்கில் ஒன்று தன்பாட்டுக்கு மிதந்து வந்து எங்கள் கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

கீழ் வீட்டில் இருப்பது வீட்டுக்கார மாஷிமா. எழுபத்தைந்து வயது, தனியாள். நானும் பையனும் இறங்கி அவரையும், அரிசி டின், சிலிண்டர், ஒரு பழைய ஹார்மோனியம், கோபால் விக்ரகம் எல்லாவற்றையும் மேலே கொண்டு வந்தோம். ஃப்ரிட்ஜைத் தூக்க முடியவில்லை. செங்கல் வைத்துப் பார்த்தோம், செங்கலே தெரியவில்லை. மாஷிமா எங்கள் சோபாவில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "எக்கானே புக்கூர் சிலோ, பாபா." இங்கே குளம் இருந்தது அப்பா.

பதினேழு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியாது. அவர் கல்யாணமாகி வந்தபோது இப்போது எங்கள் வீடும் பக்கத்து இரண்டு அபார்ட்மெண்ட்டும் இருக்கிற இடத்தில் படித்துறை வைத்த குளமாம். ரூய் மீன் பிடித்துப் பங்கு போடுவார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கி மனை போட்டுவிட்டார்கள். மேற்கு வங்கத்தில் குளத்தை மூடக்கூடாது என்று 1984-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே பின்னால் ஒரு பிரிவு சேர்த்து வைத்திருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, குளம்தான் இல்லை. "தண்ணிக்கு அது வீடு. நாமதான் வந்து உக்காந்திருக்கோம்" என்கிற மாதிரி வங்காளியில் ஏதோ சொன்னார். எனக்கு பெங்காலி இன்னும் மீன்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான்.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. போனில் பதினோரு சதவீதம் சார்ஜ். அப்போதுதான் ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"தம்பி, மழையாமே அங்க. டிவியில காட்டுறான். புள்ளைக எல்லாம் நல்லா இருக்காகளா?"

நல்லா இருக்கோம் என்றேன். அடுத்தது நேராக விஷயம். "நீதானப்பா அந்த சோலார் வேலையில இருக்க? நம்ம கண்மாய்ப் பக்கம் கம்பெனிக்காரன் வந்திருக்கான்."

எங்கள் ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில், கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையை நம்பி மிளகாய், கொஞ்சம் நெல், மீதி சீமைக்கருவேல். (எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய்க்குப் பெருமை வந்தது, விலை வந்ததா என்று சித்தப்பாவிடம் கேட்டுவிடாதீர்கள்.) எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம், கண்மாயின் உள்வாய் ஓரத்தில் இருக்கிறது. தண்ணீர் வந்தால் முங்கும், வற்றினால் விதைக்கலாம். அந்தப் பக்கத்துப் பட்டாக்களை எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக, ஏக்கருக்கு வருஷம் முப்பதாயிரம் வீதம், இருபத்தெட்டு வருஷத்துக்குக் குத்தகை. புரோக்கர் அட்வான்ஸ் பணத்தோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். "ஒரு வார்த்தை சொல்லு. நீ சரின்னா கையெழுத்துப் போட்டுர்றேன்."

பார்த்து விட்டுச் சொல்கிறேன் சித்தப்பா என்றேன். போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்தது நிஜம். ஆனால் அணைந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததும் நிஜம்.

ஏன் என்று சொல்லவேண்டும். நான் பிழைப்பதே இதில்தான். சோலார் பண்ணைகளுக்குத் தரை ஆய்வும் அஸ்திவார டிசைனும் செய்கிற ஒரு ஆபீஸில் வேலை. என் தொழிலில் வறண்ட ஏரிப்படுகை மாதிரி ஆசை காட்டுகிற இடம் வேறு கிடையாது. மேஜை மாதிரி மட்டமான தரை, சமப்படுத்துகிற செலவு மிச்சம். மரம் இல்லை, அதனால் நிழல் இல்லை. வீடு இல்லை, பயிர் இல்லை, போராட்டம் பண்ண ஆள் இல்லை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். மேட்டு நிலத்தில் நூறு ஏக்கர் சேர்க்க அறுபது பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏரியில் பெரும்பாலும் ஒரே சொந்தக்காரர், அரசாங்கம். படத்தில் பார்த்தால் "காலி இடம்" என்று கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும்.

இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சாம்பார் ஏரி. (நம்ம சாம்பார் இல்லை, ராஜஸ்தான் சாம்பர்!) ஜெய்ப்பூருக்கு மேற்கே இருக்கிறது, நாட்டிலேயே பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. அங்கே உப்பு எடுக்கிற பொதுத்துறை நிறுவனத்தின் நிலத்தில் 4000 மெகாவாட் சோலார் போடுவதாக 2013-ல் மத்திய அரசு அறிவித்தது. 2014 ஜனவரியில் ஆறு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து ஒப்பந்தமும் போட்டன. அந்தத் தேதியில் உலகத்தில் எந்த ஒரு தனி சோலார் நிலையமும் ஆயிரம் மெகாவாட்கூடக் கிடையாது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் கண்ணில் நட்சத்திரத்தோடு திரிந்தோம்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அது 1990-லிருந்து ராம்சார் ஈரநிலம். பூநாரைகள் வருகிற இடம். மழைக்காலம் போனால் உப்புப் பாலைவனம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் சுற்றி இருக்கிற சிற்றாறுகள் எல்லாம் வந்து முடிகிற பள்ளம் அதுதான். எதிர்ப்புகள் எழுந்தன, திட்டம் அங்கே எழவில்லை. பின்னால் ராஜஸ்தானின் பெரிய பண்ணை பட்லாவில் மணல் பூமியில் வந்தது, 2245 மெகாவாட். சாம்பர் ஏரி என்ன ஆயிற்று? 2019-ல் நல்ல மழை, ஏரியில் தண்ணீர் வந்தது, பறவைகள் குவிந்தன. அந்த நவம்பரில் பாட்டுலிசம் என்கிற நச்சு நோயால் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. சோகமான செய்தி. நான் அதில் கவனித்தது வேறு: "செத்த ஏரி" என்று நாங்கள் படம் போட்டுக் காட்டிய இடத்தில் செத்துப் போகிற அளவுக்கு அத்தனை பறவைகள் இருந்திருக்கின்றன.

நிற்க. ஊருக்கு உபதேசம் பண்ணுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்னால், மேற்கே ஒரு மாநிலம். பெயர் வேண்டாம். நான்தான் தரை ஆய்வுக்குப் போனேன், மார்ச் மாசம். ஏரிப்படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜீப்பை ஏரி நடுவில் ஓட்டினோம். களிமண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு அந்த வெடிப்பே ஒரு எச்சரிக்கை. காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும். ஊதும்போது நட்ட இரும்புத் தூணை மேலே தள்ளும், காயும்போது விட்டுவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் தகடு வரிசை குடிகாரன் நடை மாதிரி ஆகிவிடும். உப்பு இருந்தால் துத்தநாகப் பூச்சைத் தின்னும். இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு, செய்தோம். தூணை ஆழமாக இறக்கினோம், பூச்சைக் கனமாக்கினோம்.

தண்ணீருக்குத்தான் தவறினேன். அங்கே ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் இருந்தார். கரையில் ஒரு சின்னக் கோயில். அதன் படிக்கட்டில் ஒரு படியைக் காட்டி, இது வரைக்கும் வரும் என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் மகன் பிறந்த வருஷம் என்றார். வருஷக் கணக்கு அவருக்கு அப்படித்தான். நான் அந்தப் படியின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதினேன். ரிப்போர்ட்டில் எழுதவில்லை. மழைமானிக் கணக்கு பதினெட்டு வருஷத்துக்கு இருந்தது, அதை வைத்து வெள்ள மட்டம் போட்டேன். இன்வெர்ட்டர் மேடை தரையிலிருந்து இரண்டடி. ஆட்டுக்காரர் சொன்னது "டேட்டா" இல்லையே.

இயங்க ஆரம்பித்த இரண்டாம் வருஷம் அந்தப் படி வரைக்கும் வந்தது. நாலடித் தண்ணீர், மூன்று மாசம் இறங்கவில்லை. இன்வெர்ட்டர்கள், டிரான்ஸ்பார்மர், கேபிள் சால் எல்லாம் உள்ளே. படகு வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரில் "எதிர்பாராத இயற்கைச் சீற்றம்" என்று எழுதினோம். அந்த வாக்கியத்தை டைப் அடித்தவன் நான். பழைய நோட்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, அந்த அளவோடு.

சித்தப்பா போன் வந்த ராத்திரி தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். கீழே மாஷிமா வீட்டில் தண்ணீர் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுபடி பேசியபோது சித்தப்பாவிடம் கண்மாய்க்குள்ளே வேண்டாமே என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது கண்மாயாப்பா? பேருக்குக் கண்மாய். சீமைக்கருவேலதான் மண்டிக் கெடக்கு."

"2021-ல கலுங்கு பாஞ்சுச்சே சித்தப்பா. நீங்கதான போட்டோ அனுப்புனீங்க."

"பாஞ்சுச்சு. ஒரு தடவ. எப்பவாவது ஒரு தடவ பாயிற கலுங்க நம்பி எம் மகனுக்கு காலேஜ் பீசு கட்ட முடியுமா? ஒனக்கென்ன, மாசம் ஒண்ணாந்தேதி பாயுது."

என்ன பதில் சொல்ல? உண்மைதான். கொல்கத்தாவில் மாசச் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு கண்மாயைக் காப்பாற்று என்று சொல்வது சுலபம். ஆறு ஏக்கருக்கு வருஷம் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல். அந்த நிலம் சித்தப்பாவுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு தொகையைக் காட்டியதில்லை. கமுதிப் பக்கம் செங்கப்படையில் 2016-ல் 648 மெகாவாட் பண்ணை வந்ததை அவர் பார்த்திருக்கிறார். சுமார் 2500 ஏக்கர், 25 லட்சம் தகடு. நானே அதை ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். வெயிலைத் தவிர ஒன்றும் விளையாத சீமைக்கு வெயிலாலேயே காசு வந்தால் நல்லதுதானே? இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குச் சண்டை தகட்டோடு இல்லை, பள்ளத்தோடு.

கண்மாய் என்றால் வெறும் பள்ளம்கூட இல்லை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து, நிறைந்து, கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகவேண்டும். சங்கிலி. நம் உள்வாயில் மண் கொட்டி இரண்டு அடி உயர்த்தினால், அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழ் ஊருக்குக் கூடுதலாகப் போகும், அல்லது கரையை உடைக்கும். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்க 2007-ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் உள்வாய் ஓரப் பட்டா என்பது அந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கிற சங்கதி. பட்டா என்று பேப்பர் சொல்லும், கண்மாய் என்று தண்ணீர் சொல்லும்.

பறவை வேறு. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். இரண்டும் சாதாரணக் கண்மாய்கள்தான், கோடையில் போனால் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். 2022-ல் இரண்டும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சோலார் தகட்டைத் தண்ணீர் என்று நினைத்து நீர்ப்பறவைகள் இறங்குகின்றனவோ என்று அமெரிக்காவில் ஒரு சந்தேகம் உண்டு. கலிபோர்னியாவின் பாலைவனப் பண்ணை ஒன்றில் நீர்ப்பறவைகள் செத்துக் கிடந்ததை 2014-ல் ஒரு அரசு ஆய்வு எழுதியது. அது இன்னும் தீர்ந்த கேள்வி இல்லை. பளபளக்கும் தகட்டில் தண்ணீர்ப் பூச்சிகள் ஏமாந்து முட்டையிடுவது மட்டும் ஆராய்ச்சியில் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

தம்பி (சித்தப்பா மகன், பீஸ் பிரச்சினைக்கு உரியவன்) ஒரு யோசனை கேட்டான்: "அண்ணே, மிதக்கிற சோலார் போட்டா?" நல்ல கேள்வி. இங்கே கொல்கத்தா நியூ டவுனில் ஒரு குளத்தில் பத்து கிலோவாட்டில் சின்னதாக மிதக்க விட்டுப் பார்த்தது பத்து வருஷத்துக்கு முந்திய கதை. 2022-ல் தெலங்கானா ராமகுண்டத்தில் நூறு மெகாவாட் மிதக்கிறது. ஆனால் அதற்கு வருஷம் பூரா தண்ணீர் வேண்டும். எங்கள் கண்மாயில் மிதக்க விட்டால் ஒன்பது மாசம் தரைதட்டின தோணி மாதிரிக் கிடக்கும். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

கடைசியில் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு அளந்து பார்ப்போம் என்று முடிவு பண்ணினோம். இதை வெளியூரில் இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், நம் எல்லோர் ஊருக்கும் புரோக்கர் வந்துகொண்டிருப்பதால். பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் டியூப். கலுங்கின் மேல்மட்டம்தான் கண்மாயின் முழுக் கொள்ளளவு மட்டம். அங்கிருந்து டியூபை நகர்த்தி நகர்த்தி உங்கள் நிலம் வரைக்கும் மட்டம் கொண்டு வாருங்கள். தரை அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால், எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் அது தண்ணீரின் இடம். தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் இங்கிருந்தே பார்க்கலாம். பக்கத்து சர்வே நம்பர் எல்லாம் என்ன வகை என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் குத்தகைக்காரர் உங்கள் நிலத்தை பேங்கில் அடமானம் வைக்க இடம் இருக்கிறதா, இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தூணையும் கான்கிரீட்டையும் பிடுங்குவது யார் பொறுப்பு, இரண்டையும் கேளுங்கள். புரோக்கர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

தம்பியும் கொத்தனாரும் ஒரு காலை முழுக்க அளந்தார்கள். நான் இங்கே ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸப்பில் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஏக்கரில் நாலு, கலுங்கு மட்டத்துக்கு இரண்டிலிருந்து மூன்று அடி கீழே. மேட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் மட்டும் மேலே. அந்த இரண்டைத் தாராளமாகக் குத்தகைக்கு விடலாம் என்று சொன்னேன். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கம்பெனிக்கு ஒரே துண்டாக வேண்டும், இரண்டு ஏக்கர் துணுக்கு அவர்களுக்கு எதற்கு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கப்புறம் மூன்று வாரம் போன் இல்லை. பங்காளிகளில் நாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அம்மா மூலம் தகவல். "ஒன்னாலதான் அவரு போடல, ஊர்ல ஒரு மாதிரி பேசுறாக" என்று அம்மா கூடுதலாகச் சொன்னார்.

இங்கே தண்ணீர் நாலு நாளில் வடிந்தது. மாஷிமாவின் ஃப்ரிட்ஜ் போயேபோய்விட்டது. சுவரில் கோடு மட்டும் நிற்கிறது. பெயிண்ட் அடிக்க ஆள் கூட்டி வரவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், அடுத்து வருகிற வாடகைக்காரனுக்குத் தெரியவேண்டும் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சித்தப்பா கூப்பிட்டார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "அந்த ரெண்டு ஏக்கருக்கு மட்டும் எழுதிக் குடுப்பானான்னு நீ வந்து பேசுறியா? மேட்டுக்காட்டுல இன்னும் பத்துப் பன்னெண்டு பேரு நெலம் இருக்கு. எல்லாத்தையும் சேத்து அந்தப் பக்கமா தள்ளிப் போடச் சொல்லிக் கேப்போம். அவுக பாஷை ஒனக்குத்தான் தெரியும்."

கேட்பார்களா என்று தெரியவில்லை. அங்கே பங்காளி அறுபது பேர், உள்வாயில் பதினொரு பேர். கம்பெனி கணக்கு எனக்கு மனப்பாடம். என் ஆபீஸில் யாராவது இப்படி வந்து கேட்டால் நாங்கள் என்ன சொல்லி அனுப்புவோம் என்பதும் தெரியும். பழைய நோட்டை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டுக் கதையை, கம்பெனிக்காரரோ அவருடைய இன்ஜினியரோ, யார் வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஹவுரா மெயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 14. மாஷிமா அரைக் கிலோ முண்டு மிளகாய் கேட்டிருக்கிறார்.